வெயிலுக்குச் சாதி இல்லையாம்!

போன கோடையில் நகரத்தில் ஒரு கருத்தரங்கம். பருவநிலை மாற்றத்தைப் பற்றி. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகப் பேசியவர் உருக்கமாக முடித்தார்: "வெயிலுக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது. இயற்கையின் முன்னால் நாம் எல்லோரும் சமம்." நல்ல கைதட்டல்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் காதோடு சொன்னார்: "இதெல்லாம் நம்ம பிரச்சினை இல்ல தோழர். ஏசியில உக்காந்துகிட்டு வெயிலப் பத்திப் பேசறானுங்க. வாங்க, டீ குடிக்கலாம்."

இந்த இரண்டு பேச்சோடும் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். முதலாவது பொய். இரண்டாவது, அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற சோம்பல். மேடையில் பேசியவரை விட, டீ குடிக்கக் கூப்பிட்ட தோழரோடுதான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் அவர் நம்ம ஆள்.

1

விசயம் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். தெரியாமல் கைதட்டவும் கூடாது, தெரியாமல் காறித் துப்பவும் கூடாது.

2017 ஆகஸ்டில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: யுன்-சூன் இம், ஜெரமி பால், எல்ஃபாதி எல்தாஹிர். எல்தாஹிர் சூடான்காரர். கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானவர். சிந்து, கங்கை ஆறுகள் பாயும் விவசாயச் சமவெளிகளில் இந்த நூற்றாண்டின் கடைசியில் வெயில் எப்படி இருக்கும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஜோசியம் இல்லை. காற்றும் வெப்பமும் ஈரமும் எப்படி நகரும் என்பதற்கு இயற்பியலில் சமன்பாடுகள் இருக்கின்றன. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தச் சமன்பாடுகளைப் போட்டு, காலத்தைச் சில நிமிடங்கள் முன்னே நகர்த்திப் பார்ப்பார்கள். மறுபடி போட்டு மறுபடி நகர்த்துவார்கள். இப்படியே பல பத்தாண்டுகள். முதன்முதலில் இதைக் கையால் போட்டுப் பார்த்தவர் ரிச்சர்ட்சன் என்ற இங்கிலாந்துக்காரர். முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர். ஆறு மணி நேர வானிலையைக் கணக்கிட வாரக்கணக்கில் உட்கார்ந்தார். கணக்கு படுதோல்வி. தோல்வியை மறைக்காமல் 1922ல் புத்தகமாகவே போட்டார். இன்றைக்குக் கணினி செய்வது அவர் போட்ட வழிதான்.

உலகம் முழுவதற்கும் கணக்குப் போடும்போது ஒரு கட்டத்தின் அகலம் 100, 200 கிலோமீட்டர் என்று வந்துவிடும். அந்த அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையே மழுங்கிப்போகும். அதனால் ஒரு வட்டாரத்தை மட்டும் வெட்டியெடுத்து, 50, 25, 12 கிலோமீட்டர் என்று சின்னக் கட்டங்களாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இதைத்தான் வட்டாரக் காலநிலை மாதிரி என்கிறார்கள். 1980களின் கடைசியில் ஃபிலிப்போ ஜியோர்ஜி போன்றவர்கள் அமெரிக்காவில் இதை உருவாக்கினார்கள். பிறகு அது இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் உள்ள சர்வதேச இயற்பியல் மையத்தில் வளர்ந்தது. ஏழை நாட்டு விஞ்ஞானிகள் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறார்கள். எல்தாஹிர் குழுவின் மாதிரியும் இந்த வம்சத்தில் வந்ததுதான்.

அந்த மையத்தை 1964ல் தொடங்கியவர் யார் தெரியுமா? அப்துஸ் சலாம். 1979ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். அகமதியர் முஸ்லிம்களே அல்ல என்று 1974ல் பாகிஸ்தான் சட்டம் போட்டது. அவர் செத்த பிறகு கல்லறைக் கல்லில் இருந்த 'முஸ்லிம்' என்ற சொல்லையும் அழித்தார்கள். சொந்த நாட்டில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் எழுப்பிய கட்டடத்தில் வளர்ந்த அறிவு இது. இதைத்தான் நம்ம தோழர், ஏசிக்காரன் விசயம் என்று தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

2

அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது?

வெறும் வெப்பமும் ஆளைக் கொல்லும். வெப்பத்தோடு ஈரம் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். உடம்பு வியர்க்கிறது, வியர்வை ஆவியாகிறது, அதனால் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து ஓடும். இதை அளக்க ஒரு முறை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றாட வைத்துப் படிக்க வேண்டும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. இது 35 டிகிரியைத் தொட்டால், திடகாத்திரமான ஆள்கூட நிழலில், சும்மா உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும் சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான் என்று 2010ல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

எல்தாஹிர் குழு 25 கிலோமீட்டர் கட்டத்தில் கணக்குப் போட்டது. கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைக்காமலே போனால், நூற்றாண்டின் கடைசியில் தெற்காசியாவின் ஈரக்குமிழ் வெப்பம் இந்த 35ஐ நெருங்கும், சில இடங்களில் தாண்டும் என்று வந்தது. எங்கே மோசம்? ஜனங்கள் நெருக்கமாக வாழ்கிற, விவசாயம் நடக்கிற கங்கை, சிந்துச் சமவெளிகளில். புகையை ஓரளவுக்குக் குறைத்தால் இந்த ஆபத்து பெரிய அளவு தணியும் என்பதையும் அதே கணக்கு காட்டியது. குறைக்காமலே போகிற அந்தப் பாதை இன்று சற்று மிகையானது என்று விஞ்ஞானிகள் பலர் சொல்கிறார்கள். சரி, நிம்மதியாக இருந்துவிடலாமா? 2022ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு அறைக்குள் வைத்து, லேசான வேலை கொடுத்துச் சோதித்தார்கள். ஈரமான சூட்டில் 35 வரை தாக்குப்பிடிக்கவில்லை. 31ஐ ஒட்டியே உடம்பின் கட்டுப்பாடு கைவிட்டுப்போக ஆரம்பித்துவிட்டது.

இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், வேலையும் லேசானது. இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சமவெளியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் சேற்றில் குனிந்து நிற்பது யார்? செங்கல் சூளையில் கல் அறுப்பது யார்? நிலத்துக்குச் சொந்தக்காரனா? முசகர்களும் சமார்களும் தானே? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாசனம் பாய்ந்த வயல் மேல் காற்றில் ஈரம் ஏறுகிறது. வெறும் வெப்பமானியில் சூடு கொஞ்சம் குறைந்தாற்போலத் தெரியும், ஆனால் ஈரக்குமிழ் ஏறும். ஆய்வாளர்கள் இதையும் சொல்கிறார்கள். அதாவது பாய்கிற தண்ணீர் அவனுடைய விளைச்சலுக்கு. கிளம்புகிற நீராவி நம்முடைய மூச்சுக்கு.

3

எங்கள் காலனியில் ஒரு பெரியம்மா. நாப்பது வருசமாக நாத்துப் பறிக்கிறதும் நடுகிறதும்தான். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் வானிலை ஆபீசு ஒன்றைத் தாண்டிப் போனோம். புல்தரைக்கு நடுவில், ஆளுயரத்தில், கால் வைத்த வெள்ளைப் பெட்டி நின்றது. சுற்றிலும் சன்னல் மாதிரிச் சாய்வுப் பலகைகள்.

"அது இன்னாடா, புறாக்கூண்டா?"

"இல்ல பெரிம்மா. உள்ள வெப்பமானி இருக்கு. எவ்ளோ சூடுன்னு பாக்கறதுக்கு."

"சூடு பாக்கறதுக்கு எதுக்குடா நெழலு?"

"வெயில் நேரா பட்டா தப்பாக் காட்டும் பெரிம்மா."

பெரியம்மா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தது. பிறகு கேட்டது: "அப்ப நாங்கல்லாம் தப்பாக் காட்டறமா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு கேள்வி இல்லை.

அந்தப் பெட்டிக்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் வடிவமைத்தது. வெப்பமானிக்கு நிழல் வேண்டும், காற்று வேண்டும், பக்கத்தில் சுவரோ தாரோ இருக்கக் கூடாது, கீழே புல் இருக்க வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. ஒரு ஊரின் காற்றை இன்னொரு ஊரின் காற்றோடு ஒப்பிட இந்த விதி தேவை. விஞ்ஞானத்தில் தப்பு இல்லை. அந்தப் பெட்டிக்குள்ளே இருந்த எண்ணை எடுத்து, "இன்று 38 டிகிரி, வெப்ப அலை இல்லை" என்று அறிவித்து, அதை உழைக்கிறவளின் வெயில் என்று அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது பாருங்கள், அங்கேதான் தப்பு. பாதரசத்துக்கு நிழல் தருவதற்கு விதி இருக்கிறது. பெரியம்மாவுக்கு நிழல் தருவதற்கு விதி இல்லை.

வெப்ப அலை என்று அறிவிக்க இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் அளவைப் பாருங்கள். சமவெளியில் 40 டிகிரியாவது வர வேண்டும், கடற்கரையில் 37. வழக்கத்தை விட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எல்லாமே வறண்ட வெப்பமானியின் கணக்கு. டெல்டாவில் 36 டிகிரி வெயிலும் கழுத்தை நெரிக்கிற புழுக்கமுமாக இருந்தால், அது வெப்ப அலையே இல்லை! ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் வெப்பக் குறியீட்டை 2023ல்தான் சோதனை முறையில் வெளியிட ஆரம்பித்தார்கள்.

வெயிலில் நிற்கிற உடம்புக்கு என்ன நேர்கிறது என்று அளக்கக் கருவியே இல்லையா? இருக்கிறது. கறுப்புக் கோளத்துக்குள் ஒரு வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய ஒன்று, சாதாரணமானது ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கு. வெயில், ஈரம், காற்று எல்லாம் அதில் அடங்கிவிடும். 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் பயிற்சி முகாமில் சூட்டில் சுருண்டு விழுந்ததால் இதை உருவாக்கினார்கள். சிப்பாய் விழுந்ததும் கருவி வந்தது. நடவு நடுகிறவள் எத்தனை நூற்றாண்டாக விழுந்துகொண்டிருக்கிறாள்?

4

இனி மேடைக்காரருக்கு.

ஐயா, சமன்பாட்டுக்குச் சாதி இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டத்துக்குள் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில் சாதி இருக்கிறது. 25 கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றால் 625 சதுர கிலோமீட்டர். ஒரு தாலுகா அளவு. அதற்குள்ளே ஊர் உண்டு, காலனி உண்டு, தோப்பு உண்டு, ஏரி உண்டு, குடிநீர்க் குழாய் வந்த தெரு உண்டு, வராத தெரு உண்டு. கணக்கில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே வெப்பம். தரையைக் காடு, பயிர், பாசனப் பயிர், நகரம், நீர்நிலை என்று வகை பிரிப்பார்கள். தகரக்கூரைக் காலனி என்று ஒரு வகை கிடையாது. 2025 மே மாதம் இந்திய அரசு 6 கிலோமீட்டர் கட்டத்தில் நாடு முழுக்க வானிலை சொல்லும் முறையைத் தொடங்கியது. பெருமைப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் நம்ம கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருப்பது அரைக் கிலோமீட்டர். மீசைக்காரன் வீட்டு வேப்பமரத்துக்கும் எங்கள் தகரக்கூரைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்த அரைக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

வெயிலுக்குச் சாதி தெரியாது என்கிறீர்கள். காற்றுக்கும் திசைக்கும் சாதி தெரியும் என்று உங்கள் முப்பாட்டன் கண்டுபிடித்து வைத்திருந்தானே! சேரிக் காற்று ஊருக்குள் அடிக்கக் கூடாது என்று பார்த்துத்தான் பல ஊர்களில் சேரியை இந்தப் பக்கம் ஒதுக்கினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். தண்ணீர் வடிகிற பள்ளம் எது என்று தெரிந்துதான் அங்கே குடி வைத்தார்கள். சாதி இந்துவின் வளிமண்டல விஞ்ஞானம் அது. ரொம்பக் காலம் முந்தையது. சின்னக் கட்டத்தில் போட்ட கணக்கு.

விழுகிற மழை ஒன்றுதான். 2015 டிசம்பர் 1ம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் பதிவானது. அடையாற்றில் வந்த வெள்ளம் பணக்காரன் வீட்டுக்குள்ளும் புகுந்தது, நிஜம். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு என்ன நடந்தது? ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வாங்கியவன் யார்? ஆற்றோரக் குடிசைக்காரன். லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வெள்ளக்காட்டில் விட்டார்கள். சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பின கம்பெனிக்காரர்களை எந்த லாரியும் ஏற்றவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் தலித்துகளைத் தனியே வைத்ததையும், தண்ணீரும் நிவாரணமும் மறுத்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. அலைக்குச் சாதி தெரியாது. அலை போன பிறகு வந்த வாளிக்குத் தெரிந்திருந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் கொட்டியது. எச்சரிக்கை சரியாக வரவில்லை என்றது மாநிலம். முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்றது ஒன்றியம். மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா, எந்த நாளில் எந்த நிறம் என்று வாரக்கணக்கில் சண்டை. அந்த நிறம் எதுவானாலும் தாமிரபரணிக் கரைச் சேரிக்கு யார் வந்து சொன்னார்கள், சொன்னால் போய் ஒதுங்க மேடான இடம் எது, அங்கே எங்களை உள்ளே விடுவார்களா என்று எவனும் கேட்கவில்லை.

இன்னும் சந்தேகமா? 2025ல் 'டெமோகிராஃபி' என்ற ஆய்விதழில் இந்தியாவில் வெப்ப அலைக் காலத்தில் எந்தச் சாதி எவ்வளவு நேரம் வெளியில் வேலை செய்கிறது என்று ஒரு ஆய்வு வந்தது. எழுதியவர்களில் விமல் மிஸ்ரா மாதிரியான காலநிலை விஞ்ஞானியும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிகள்தான் அதிகம் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று எண்களோடு நிறுவியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த விசயம்தான். ஆனால் இனி 'வெயிலுக்குச் சாதி இல்லை' என்று மேடையில் சொன்னால், அறியாமை என்று விட்டுவிட மாட்டோம். பொய் என்றுதான் சொல்லுவோம்.

5

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கதர்ச் சட்டையும் கம்பங்கூழும். 'நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள், பழைய கிராமத்துக்குத் திரும்பினால் பூமி குளிரும்' என்று பேசுவார்கள்.

யாருடைய முன்னோர் ஐயா? உங்கள் முன்னோர் இயற்கையோடு இயைந்து திண்ணையில் சாய்ந்திருந்தபோது எங்கள் முன்னோர் பண்ணையில் வெந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கிராமத்தில் குளம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எங்களை இறங்க விட்டீர்களா? 1927ல் மகாட் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கான ஜனங்களைத் திரட்டிப் போராட வேண்டியிருந்தது. மரத்தடி நிழல் குளுகுளு என்றுதான் இருந்தது. அந்த நிழலில் நாங்கள் உட்கார முடிந்ததா? நீர்நிலையைக் காப்பதும் மரம் வைப்பதும் தேவைதான். அதைப் பழைய ஊரின் பேரால் கேட்காதீர்கள். அந்த ஊர் திரும்பி வந்தால் சேரியும் கூடவே திரும்பி வரும்.

6

இப்போது நம்ம தோழருக்கு.

தோழர், நீங்கள் சொல்வீர்கள்: "நமக்குப் பஞ்சமி நிலம் இருக்கு, வன்கொடுமை இருக்கு, இடஒதுக்கீடு இருக்கு. இதுல வெயில் வேறயா?"

வெயில் வேறு பிரச்சினை இல்லை, தோழர். இது நிலத்தின் பிரச்சினையேதான். சொந்த நிலம் உள்ளவன் பதினோரு மணிக்குக் கரையேறி மரத்தடிக்குப் போகலாம். கூலிக்காரி போனால் கூலி போய்விடும். நிழல் என்பது நிலம் உள்ளவனின் சொத்து. பிடுங்கப்பட்ட பஞ்சமி நிலத்தோடு பிடுங்கப்பட்டது நெல் மட்டுமில்லை, எப்போது ஓய்வெடுப்பது என்று நாமே முடிவு செய்கிற உரிமையும்தான்.

வேலைநேரம் என்பது யார் போட்ட கோடு? வைஸ்ராய் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது, ஆலைத் தொழிலாளியின் வேலைநேரத்தை வாரம் 48 மணியாகக் குறைப்பதற்கு வழி செய்தவர் அம்பேத்கர். ஆலைக்குள் வந்த அந்தக் கடிகாரம் வயலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதை வரவைக்கப் போவது யார்? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தில் செத்ததாக நிரூபித்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம். நிரூபிப்பது யார்? வரப்பில் சாய்ந்தவளை 'நெஞ்சுவலி' என்று எழுதி அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. 2015 கோடையில் அரசுக் கணக்கிலேயே இந்தியாவில் 2000க்கும் மேல் செத்தார்கள். பெரும்பாலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும். கணக்கில் வராமல் போனவர்களை யார் எண்ணினார்கள்? நாலு லட்சம் செத்த பிறகு. சாகாமல் இருக்க என்ன சட்டம்?

மன்னராட்சி நடக்கிற கத்தாரில்கூட 2021 முதல் கோடை மாதங்களில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அந்தக் கறுப்புக் கோளக் கணக்கு 32.1ஐத் தாண்டினால் எந்நேரமும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் சட்டம். எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை. கேரளத்தில் கோடைதோறும் மதிய வேலைக்குத் தொழிலாளர் துறை தடை போடுகிறது. நம்ம வயலுக்கு, நம்ம சூளைக்கு, நம்ம உப்பளத்துக்கு இப்படி ஒன்றை, கூலி குறையாமல், கேட்க வேண்டுமானால் கையில் கணக்கு வேண்டும். கணக்கு வேண்டுமானால் இந்த விஞ்ஞானம் வேண்டும்.

இது நமக்கு வராது என்று நினைக்கிறீர்களா? வாரன் வாஷிங்டன் என்று ஒருவர். 1936ல் ஓரகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிறந்த கறுப்பர். மேலே படிக்க வியாபாரப் பள்ளிக்குப் போ என்று ஆலோசகர் சொன்னார். இவர் இயற்பியல் படித்தார். 1964ல் வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டம். அமெரிக்காவில் அந்தத் துறையில் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பர். அகிரா கசஹாராவோடு சேர்ந்து வளிமண்டலத்தின் ஆரம்பகாலக் கணினி மாதிரிகளில் ஒன்றை எழுதினார். அமெரிக்க வானிலைக் கழகத்துக்கே தலைவரானார். 2024ல் இறந்தார். அவர் கறுப்பர் என்பதால் சமன்பாடு மாறிவிடவில்லை. ஆனால் அந்த அறைக்குள் நமக்கு வேலையில்லை என்று ஒரு கறுப்புப் பையனிடம் இனி எவனும் சொல்ல முடியாது.

இங்கே? புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1962 முதல் இருக்கிறது. தெற்காசியாவுக்கான வட்டாரக் காலநிலைக் கணக்குகளை ஒருங்கிணைப்பது அங்கேதான். மாணவத் தோழர்களைக் கேட்கிறேன்: நம்ம விடுதிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? இயற்பியலும் கணக்கும் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் குரூப் நான்குக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? வேலை வேண்டும்தான், குறை சொல்லவில்லை. பத்தில் ஒருவராவது அந்தப் பக்கம் போங்கள். இடஒதுக்கீட்டை அங்கே கேளுங்கள். கட்டத்துக்குள் சேரியை எழுதப் போவது சேரியிலிருந்து போன கைதான்.

7

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கோடையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு.

ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்றின் குமிழில் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி நனையுங்கள். இரண்டையும் ஒரு பலகையில் கட்டி, நிழலில் பிடித்து, எண் இறங்கி நிற்கும் வரை நன்றாக விசிறுங்கள். ஈரத்துணி காட்டுவதுதான் ஈரக்குமிழ். மத்தியானம் இரண்டு மணிக்கு நாலு இடத்தில் எடுங்கள்: ஊர்த் தெரு வேப்பமரத்தடியில், சேரியின் தகரக்கூரைக்குள், நடவு நடக்கிற வயலில், சூளையில். தேதி, நேரம், இடம், எண், அன்றைக்கு யார் மயங்கினார்கள், யார் வாந்தியெடுத்தார்கள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வானிலை ஆபீசு அன்றைக்கு என்ன எண் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நூறு ஊரில் நூறு நோட்டு இருந்தால், கலெக்டர் மேசையில் போடலாம், கோர்ட்டில் போடலாம், எல்தாஹிர் மாதிரியான விஞ்ஞானிகளிடமும் காட்டலாம். நேர்மையான விஞ்ஞானி நன்றி சொல்லுவார். அவர்களுடைய கட்டத்தில் இல்லாத எண் நம்மிடம்தான் இருக்கிறது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். உச்சிவெயிலில் கூலியோடு ஓய்வு. வேலை நடக்கிற இடத்தில் நிழலும் தண்ணீரும் கழிப்பிடமும். தகரக்கூரைக்குப் பதில் சூடு தாங்கும் கூரை. சேரிக்குள்ளேயே வெள்ள எச்சரிக்கையும், தள்ளிவிட முடியாத மேடான புகலிடமும். வெப்பச் சாவை மறைக்காமல் பதிவு செய்தல். இதில் எதுவும் பிச்சை இல்லை.

அடுத்த கருத்தரங்கத்துக்குப் பெரியம்மாவையும் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். அந்தத் தோழரும் வரட்டும். டீயைப் பிறகு குடித்துக்கொள்ளலாம். மேடையில் இருப்பவர் 'எல்லோரும் சமம்' என்று முடித்ததும், கேள்வி நேரத்தில் பெரியம்மா எழுந்து நிற்கும். கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கிறது. சூடு பார்க்கிற பெட்டிக்கு நிழல் கொடுத்தீர்களே, எங்களுக்கு எப்போது?